இரண்டே இரண்டு சுருள்

என் அப்பா டூரிங் டாக்கீஸ் ஆப்பரேட்டர். ஒரே புரொஜெக்டர் என்பதால் படத்துக்கு நாலு இடைவேளை வரும். ஓடும்போது பிலிம் அறுந்தால் பிய்ந்த நுனியைக் கத்தரித்து, சிமென்ட் தடவி ஒட்டி மறுபடி ஓட்டுவார். கத்தரித்த துண்டு அவர் சட்டைப் பைக்குள் போகும். மறுநாள் காலை அது என் சொத்து.

பீஸ் போன பல்பின் அடிமூடியைக் கழற்றி உள்ளே தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். வெளியே வெயிலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியோடு நிற்பான். ஒளியை ஜன்னல் ஓட்டை வழியாக உள்ளே திருப்புவது அவன் வேலை. உள்ளே தாத்தாவின் வேட்டி திரை. படம் அசையாது. ஆனாலும் பார்க்கக் கூட்டம் வரும். எங்கள் தெருவில் நாணய மாற்று விகிதமே உண்டு: ஒரு எம்.ஜி.ஆர். துண்டுக்கு மூன்று நம்பியார் துண்டு.

பின்னாளில் சென்னைக்கு வந்து, வாரப் பத்திரிகைகளில் நட்சத்திரங்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொடராக எழுதிப் பிழைத்தேன். 1982-இல் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் எடைபோடுவதுபோல் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு ரூபாய் என்றார். 'தி பரேட்ஸ் கான் பை'. ஊர்வலம் கடந்து போய்விட்டது என்று பொருள். எழுதியவர் கெவின் பிரவுன்லோ. லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். முடித்தபோது, அதுவரை நான் எழுதியதில் பாதியைக் கிழித்துப் போடலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. பத்திரிகைக்காரன் அப்படியெல்லாம் செய்யமாட்டான்.

பிரவுன்லோ 1938-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா, அம்மா இருவரும் ஓவியர்கள். அப்பா சினிமா போஸ்டர் வரைந்தவர். பையனுக்குப் பதினோரு வயதானபோது சின்ன புரொஜெக்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். தியேட்டரில் ஓடுவது 35 மில்லிமீட்டர் பிலிம். இது ஒன்பதரை மில்லிமீட்டர். பிரான்சின் பாத்தே கம்பெனி 1922-இல் வீட்டில் படம் பார்ப்பதற்கென்றே கொண்டுவந்தது. பல் சக்கரம் கடிக்கும் துளைகள் ஓரத்தில் இருக்காது, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும். பெரிய படங்களைச் சுருக்கி இந்த அளவில் போட்டு விற்பார்கள், வாடகைக்கும் தருவார்கள். அதற்குள் பேசும் படம் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. மௌனப் படம் என்றால் குப்பைக்கடைச் சரக்கு. பையனின் கைச்செலவுக் காசுக்குக் கட்டுப்படியானது அந்தச் சரக்கு ஒன்றுதான்.

பதினைந்து வயதில் வாடகைக்கு எடுத்த ஒரு படம் பிடிக்கவில்லை என்று மாற்றிக் கேட்டார். பதிலுக்கு வந்தது நெப்போலியனைப் பற்றி இரண்டு சுருள். பள்ளிக்கூடப் பாடம்போல் இருக்கும் என்று அலுப்போடு மாட்டியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காமிரா ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. குதிரை மேல் போகிறது, ஊஞ்சல்போல் ஆடுகிறது, பனி உருண்டைச் சண்டைக்குள் புகுந்து ஓடுகிறது. 1927-இல் ஆபெல் கான்ஸ் என்ற பிரெஞ்சு இயக்குநர் எடுத்த 'நெப்போலியன்' அது. பாரிஸ் ஆப்பரா மாளிகையில் முதன்முதலாகத் திரையிட்ட படம். கடைசிக் கட்டத்தில் மூன்று திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று புரொஜெக்டர்களில் ஓட்டினார்கள். அதன் பிறகு ஆளுக்கு ஆள் வெட்டிக் குதறி, முழுப் படம் எங்கேயும் இல்லை என்ற நிலை வந்துவிட்டது. மனம் வெறுத்த கான்ஸே மூன்று திரைக் காட்சிகளில் சிலவற்றைக் கொளுத்தியிருக்கிறார்.

மீதி எங்கே என்று தேட ஆரம்பித்தான் அந்தப் பையன். விளம்பரம் கொடுத்தான், சேகரிப்பாளர்களிடம் அலைந்தான், கான்ஸுக்கே கடிதம் எழுதினான். கான்ஸ் லண்டனுக்கு வந்த அன்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தான். (இனி அவன் இவன் என்று சொல்வது சரியில்லை. அவருக்கு இப்போது எண்பத்தைந்து தாண்டிவிட்டது.)

சினிமா சரித்திரம் எழுதுகிறவர் என்றால் லைப்ரரியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற மனிதர் என்றுதான் நமக்கு ஒரு படம் இருக்கிறது. பிரவுன்லோ எடிட்டிங் அறைக்காரர். சம்பளம் வந்தது அங்கிருந்துதான். டோனி ரிச்சர்ட்சனின் 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' படத்துக்கு எடிட்டர் அவர். பதினெட்டு வயதில், பதினாறு வயது நண்பர் ஆண்ட்ரூ மோலோவைச் சேர்த்துக்கொண்டு, ஹிட்லர் இங்கிலாந்தைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு படம் தொடங்கினார். கையில் காசு சேரும்போதெல்லாம் எடுத்து முடிக்க எட்டு வருடம் ஆனது. ஸ்டான்லி குப்ரிக் தன் படத்தில் மிஞ்சிய பிலிமைக் கொடுத்து உதவினார். பிலிமைக் கையில் பிடித்து வெட்டி ஒட்டிப் பழகியவர் என்பது அவர் எழுத்தில் வரிக்கு வரி தெரியும். ஒரு நடிகையைப் பற்றி எழுதும்போதுகூட, விளக்கு எங்கிருந்து அவர் முகத்தில் விழுந்தது என்று சொல்லிவிட்டுத்தான் அழகுக்கு வருவார்.

1964-இன் கடைசியில் அவர் ஹாலிவுட்டுக்குப் போனார், டேப் ரெக்கார்டரோடு. மௌனப் படக் காலத்து ஆட்கள் அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தேடி யாரும் போவதில்லை. பஸ்டர் கீட்டனைப் பார்த்தார். சிரிக்காமலே உலகைச் சிரிக்க வைத்த அந்த மனிதர் 1966 பிப்ரவரியில் இறந்துவிட்டார். ஹரால்ட் லாயிட், குளோரியா ஸ்வான்சன், மேரி பிக்ஃபோர்ட், லூயிஸ் புரூக்ஸ், இயக்குநர்கள் கிங் விடோர், ஆலன் டுவான் என்று போய்க்கொண்டே இருந்தார். காமிராமேன்கள், எடிட்டர்கள், உயிரைப் பணயம் வைத்துக் குதித்த ஸ்டன்ட் ஆட்கள் என்று பெயர் வெளியே வராதவர்களையும் விடவில்லை. அந்தப் பேச்சுகள்தான் 1968-இல், நான் பிறகு மூர் மார்க்கெட்டில் வாங்கிய அந்தப் புத்தகமாக வந்தன. அதற்கு முன்னால் மௌனப் படம் என்றால் தடதடவென்று ஓடும் கோமாளிக்கூத்து என்பது பொது அபிப்பிராயம்.

அந்தத் தடதடப்பு எப்படி வந்தது என்பதையும் அவர்தான் விளக்கி எழுதினார். மௌனப் படக் காமிராவைக் கையால் சுற்றுவார்கள். நொடிக்குப் பதினாறு கட்டம் ஓடலாம், இருபதும் ஓடலாம், ஆளைப் பொறுத்தது, வருடத்தைப் பொறுத்தது. பேசும் படத்துக்கு நொடிக்கு இருபத்துநாலு என்று நிலைத்துவிட்டது. பழைய படத்தைப் புது வேகத்தில் ஓட்டினால் எல்லாரும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரித்தான் தெரிவார்கள். கோளாறு ஓட்டுகிற விதத்தில் இருந்தது, பழி படத்தின் மேல் விழுந்தது. என் அப்பா இதைக் கேட்டிருந்தால் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, 'ஆப்பரேட்டரைத்தானே எப்பவும் திட்டுவான்' என்றிருப்பார். இந்த ஒரு விஷயத்தில் ஆப்பரேட்டர் மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது.

நான் அடிபட்ட கதையையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாலிகிராமத்தில் ஒரு மூத்த நடிகையைப் பார்க்கப் போனேன். அம்மா வேடங்களில் எல்லாருக்கும் தெரிந்த முகம். ஒரு புகழ்பெற்ற பழைய படத்தின் படப்பிடிப்பில் நடந்ததைக் கண்ணில் நீர் வரச் சொன்னார். மழை, வண்டி மாடு, கதாநாயகன் குடை பிடித்தது எல்லாம் அதில் இருந்தன. வரிவிடாமல் எழுதினேன். வெளியான வாரமே பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தை நகலெடுத்து அனுப்பினார். நடிகர் பட்டியலில் அம்மாளின் பெயரே இல்லை. படத்தைப் பார்த்தேன், அதிலும் அவர் இல்லை. போய்க் கேட்டபோது அவர் தடுமாறவே இல்லை. "நான் பொய்யா சொல்லுவேன் தம்பி? குடை பிடிச்சாரே!" என்றார். குடை பிடித்தது உண்மையாகத்தான் இருக்கும். வேறு ஏதோ படத்தில்.

பிரவுன்லோவைப் படித்தவனுக்கு இது நடந்திருக்கக்கூடாது. அவர் முறையே வேறு. வாயால் சொன்னதைப் பிலிமில் வைத்துப் பார்ப்பார். பிலிம் இல்லையென்றால் அந்தக் காலத்துப் பத்திரிகை, ஸ்டில், கம்பெனிக் காகிதம் என்று தேடுவார். கிழவர்கள் அவரிடம் மனம் விட்டுப் பேசியதற்குக் காரணமே அவர்களுடைய படங்களை அவர்களைவிட நன்றாக அவர் பார்த்திருந்தார் என்பதுதான். போகும்போது கையில் ஒரு பழைய படத்தையோ ஸ்டில்லையோ கொண்டுபோனால் பேச்சு தானாக வரும். இதை நானும் பின்பற்றிப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்டால் மனப்பாடமாகச் சொல்லிப் பழகிய கதையைத்தான் சொல்வார்கள். ஸ்டில்லை நீட்டினால் "இந்தச் சட்டை என்னுது இல்லே, இரவல்" என்பார்கள். நமக்கு வேண்டியது அந்தச் சட்டைதான்.

சாப்ளினிடம் அவர் செய்தது இந்தத் தொழிலின் உச்சம் என்பேன். சாப்ளின் 1977-இல் இறந்தார். தன் வேலை ரகசியத்தை யாருக்கும் சொல்லாத மனிதர். வேண்டாமென்று ஒதுக்கிய காட்சிகளை அழித்துவிடச் சொன்னவர். அப்படியும் அழியாமல் பெட்டி பெட்டியாக மிஞ்சியவை ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தன. பிரவுன்லோவும் கூட்டாளி டேவிட் கில்லும் அவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரு சிலேட்டுப் பலகை, அதில் ஓர் எண். எண் வரிசையில் அடுக்கினார்கள். 'தி இமிகிரண்ட்' என்று 1917-இல் வந்த படம். கப்பலில் அமெரிக்காவுக்கு வரும் ஏழைகளில் தொடங்கி ஓட்டலில் முடியும். எண்களோ ஓட்டல் காட்சியைத்தான் முதலில் எடுத்ததாகச் சொல்லின. ஓட்டலில் ஒரு சிரிப்புப் படம் என்று ஆரம்பித்து, இந்தப் பெண் யார், எங்கிருந்து வந்தாள் என்று தனக்கே கேள்வி வந்து, பிறகுதான் கப்பலுக்குப் போயிருக்கிறார் சாப்ளின். கையில் கதை கிடையாது. காமிராவை ஓடவிட்டு, எடுத்துப் பார்த்து, தூக்கிப் போட்டு, மறுபடி எடுத்து அதிலேயே கதையைக் கண்டுபிடித்திருக்கிறார். மற்றவர்கள் நோட்டில் எழுதி அடிப்பதை இவர் பிலிமில் எழுதி அடித்திருக்கிறார். 1983-இல் 'அன்னோன் சாப்ளின்' என்று மூன்று பாகத் தொலைக்காட்சித் தொடராக அது வந்தது. சாப்ளினைப் பற்றி அதற்கு முன் எத்தனையோ வாழ்க்கை வரலாறுகள் வந்திருந்தன, அவருடைய சுயசரிதை உட்பட. இதை எதுவும் சொல்லவில்லை.

மேரி பிக்ஃபோர்டைப் பற்றி 1999-இல் அவர் எழுதிய புத்தகமும் அந்த வகைதான். சுருள் முடிச் சின்னப் பெண் என்று ஒரே பிம்பம்தான் ஜனங்கள் மனதில் மிஞ்சியிருந்தது. அந்த அம்மாளே தன் படங்களைப் பார்த்து இனி ஜனங்கள் சிரிப்பார்கள் என்று பயந்து, அவற்றை அழித்துவிட நினைத்தவர். படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, 'ஸ்டெல்லா மாரிஸ்' படத்தில் பணக்கார வீட்டுப் பெண்ணாகவும் அழகில்லாத அநாதை வேலைக்காரியாகவும் இரட்டை வேடத்தில் அவர் செய்திருப்பதைக் காட்டுகிறார் பிரவுன்லோ. 1919-இல் சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோரோடு சமமாக உட்கார்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கிய பெண் அவர். கணக்கில் கெட்டி.

இயக்குநர் டேவிட் லீனைப் பற்றி அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1996-இல் வந்தது. லீன் சாகுமுன் அவரோடு உட்கார்ந்து பேசிப் பதிவு செய்ததிலிருந்து வளர்ந்த புத்தகம். தலையணை கனம். சினிமாவே பாவம் என்று நினைத்த குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை, எடிட்டிங் அறையிலிருந்து 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' வரைக்கும் வந்த கதை. ஆறு கல்யாணமும் அதில் வருகிறது. வம்பாகச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. இங்கே நாங்கள் எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் நாயகர் எட்டாவது பக்கத்திலேயே தெய்வமாகிவிடுவார், அப்புறம் எழுத என்ன இருக்கிறது? (லீனின் கடைசிப் படமான 'எ பாசேஜ் டு இந்தியா'வின் ரயில் காட்சிகள் நம் நீலகிரி மலை ரயிலில் எடுத்தவை. ஊட்டிக்குப் போகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.)

இத்தனைக்கும் நடுவில் அந்த இரண்டு சுருளை அவர் விடவில்லை. ஊர் ஊராகக் காப்பகங்களில் கிடந்த துண்டுகளை ஒப்பிட்டு, எது எங்கே வரவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே இருந்தார். 1979-இல் அமெரிக்காவின் டெல்லுரைடு என்ற மலையூரில் நடந்த திரைப்பட விழாவில், இரவுக் குளிரில் திறந்தவெளியில் மூன்று திரையோடு 'நெப்போலியன்' ஓடியது. எண்பத்தொன்பது வயது கான்ஸ் ஓட்டல் அறை ஜன்னலில் இருந்து பார்த்தார். அடுத்த வருடம் நவம்பரில் லண்டன் எம்பயர் தியேட்டரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடியது. கார்ல் டேவிஸ் அமைத்த இசையை வாத்தியக் குழு நேரில் உட்கார்ந்து வாசித்தது. 1981 ஜனவரியில் நியூயார்க்கில் சுருக்கிய வடிவம் ஓடியபோது, அங்கு எழுந்த கைதட்டலைக் கான்ஸுக்குத் தொலைபேசியில் கேட்க வைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் கான்ஸ் காலமானார்.

அதோடு முடித்திருக்கலாம். 1983-இல் மறுபடி சேர்த்தார். 2000-இல் மறுபடி. அது ஐந்தரை மணி நேரத்துக்கு நீண்டது. 2010-இல் ஆஸ்கர் கழகம் அவருக்குக் கௌரவ விருது கொடுத்தது. 2024-இல் பிரெஞ்சுக்காரர்கள் வேறு மூலங்களை வைத்து ஏழு மணி நேரத்துக்கு மேல் நீளும் இன்னொரு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். பதினைந்து வயதில் தொட்டது எண்பத்தாறிலும் தீரவில்லை. என் மாதிரி ஆட்கள் இதழ் அச்சுக்குப் போனதும் அடுத்த நட்சத்திரத்துக்குப் போய்விடுவோம். சரித்திரக்காரருக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

எவ்வளவு போய்விட்டது என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த மௌனக் கதைப் படங்கள் ஏறக்குறைய 11,000. வெளிவந்தபோது இருந்த 35 மில்லிமீட்டர் வடிவத்திலேயே மிஞ்சியவை 1,575 என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வு 2013-இல் சொன்னது. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சும்மா இருந்தாலே நொறுங்கும், தீப்பிடித்தால் தண்ணீருக்கு அணையாது. வெள்ளி எடுப்பதற்காக உருக்கியதும் உண்டு. யுனிவர்சல் கம்பெனி 1948-இல் தன்னிடம் இருந்த மௌனப் படங்களைத் தானே அழித்தது. நம் பக்கம் கணக்குப் போடுவது சுலபம். தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்று. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்துக்கும் பிரதி இல்லை. சில ஸ்டில்களையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டுதான் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியில் துண்டு பிலிம் ஒரு கை அளவு இருந்தது. முக்கால்வாசியை அடையாளம் கண்டுவிட்டேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கறுப்பு வெள்ளை, ஒன்பது கட்டம். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மாளிகைப் படிக்கட்டில் ஏறுகிறாள். கைப்பிடிச் சுவரின் முனையில் ஒரு யாளித் தலை. வயதானவர் யாரைப் பார்க்கப் போனாலும் அதைப் பெரிதாக்கிய படத்தைக் கொண்டுபோவேன். ஆளாளுக்கு ஒரு நடிகை பெயர் சொல்வார்கள்.

சென்ற மாதம் வடபழனியில் ஒரு பழைய செட் தச்சரைப் பார்த்தேன். தொண்ணூறு வயது, காது மந்தம். படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"பொம்பள யாருன்னு தெரியல தம்பி" என்றார். "யாளி நான் அடிச்சது. இடது காது உடைஞ்சிருக்கும், பாருங்க. தூக்கிட்டுப் போறப்ப உடைச்சுட்டானுங்க. அப்படியே சுண்ணாம்பு பூசிட்டோம்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது காது இல்லை.

"எந்தப் படத்துக்கு ஐயா?"

"எந்தப் படமா? அந்தப் படிய ஆறு வருஷம் வாடகைக்கு விட்டாங்க தம்பி."